பார்க்க மட்டும் திறந்த போர்ட்

1. காலை பத்தரை

அஞ்சலையின் கை பெல்ட்டில் மாட்டியபோது நான் முந்நூறு மீட்டர் தள்ளி, எடைமேடை ஆபீசில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். என் முன்னால் ஒரு கம்ப்யூட்டர். அதில் நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாவது வரியைப் படிக்கும்போது சைரன் கேட்டது. மூன்றாவது வரி வரும்போது கத்தல் கேட்டது. ஐந்தாவது வரி வந்ததும் சைரன் நின்றுவிட்டது. கத்தல் நிற்கவில்லை.

சீரியல் போர்ட்டின் சிக்னல் லைன்களை ஸ்கிரிப்ட் வைத்து இயக்குவது, சரிபார்ப்பது பற்றிப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் கையேடு மாதிரி எழுத மாட்டேன். கையேடு ஏற்கெனவே இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வரியை நான் படித்தும் மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு பெண் மூன்று விரலைக் கொடுத்தாள். ஒரு ஆள் தன் பெயரைக் கொடுத்தான். நான் கொடுத்தது ரொம்பக் குறைவு.

2. ஒன்பது முள் பிளக்

நெய்வேலியில் மந்தாரக்குப்பத்தைத் தாண்டி ஒரு தனியார் யார்டு. பழுப்பு நிலக்கரியை நொறுக்கி, சலித்து, செங்கல் சூளைகளுக்கு அனுப்புகிற இடம். அறுபது மீட்டரில் ஒரே ஒரு பெல்ட். நான் அங்கே மெயின்டெனன்ஸ். எலெக்ட்ரிகல், கம்ப்யூட்டர், மேனேஜர் வீட்டு இன்வெர்ட்டர் எல்லாமே நான்தான். இரண்டாயிரத்துப் பதினான்கு வாக்கில் நடந்தது இது.

பெல்ட்டை இயக்கிக்கொண்டிருந்த பி.எல்.சி. என்கிற கன்ட்ரோல் பெட்டி ஒரு இடியில் எரிந்துபோனது. புதிது வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நீ மூளைக்காரனாச்சேப்பா, இருக்கறத வெச்சு ஏதாவது பண்ணேன்" என்றார். அந்தப் பாராட்டில் மயங்கிப் பண்ணினேன். பண்ணியிருக்கக் கூடாது. மறுத்திருந்தால் யார்டு ஒரு மாதம் நின்றிருக்கும், அவ்வளவுதான்.

பண்ணியது இதுதான். பெல்ட் பக்கத்து ஆபரேட்டர் கேபினில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அந்த மாதிரி கம்ப்யூட்டரின் முதுகில் ஒன்பது முள் வைத்த ஒரு பிளக் இருக்கும். அதுதான் சீரியல் போர்ட். ஒரு முள்ளில் டேட்டா போகும், ஒரு முள்ளில் வரும், ஒன்று கிரவுண்ட். மிச்சம் ஆறும் சிக்னல் லைன்கள். அந்த ஆறில் இரண்டை நாம் ஸ்கிரிப்டிலிருந்து ஏற்றலாம், இறக்கலாம். ஒன்றின் பெயர் டி.டி.ஆர்., இன்னொன்று ஆர்.டி.எஸ். ஏற்றினால் பிளஸ் பத்து வோல்ட் பக்கம், இறக்கினால் மைனஸ் பத்து பக்கம். மற்ற நான்கை நாம் படிக்க மட்டும்தான் முடியும். வெளியே இருப்பவர்கள் ஏற்றுவார்கள், நாம் பார்ப்போம்.

நான் ஆர்.டி.எஸ்.ஸில் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே வைத்து சைரனைக் கட்டினேன். டி.டி.ஆரில் இன்னொரு ரிலே, அதிலிருந்து பெல்ட் மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற பெரிய சுவிட்சான காண்டாக்டர். பெல்ட் ஓடுகிறதா என்பது படிக்கிற லைன் ஒன்றில் வந்தது. பெல்ட் ஓரமாகக் கட்டியிருக்கும் இழுப்புக் கயிறு இன்னொரு லைனில். ஆபத்து என்றால் அந்தக் கயிற்றை இழுப்பார்கள். அதை நேராகக் காண்டாக்டர் சர்க்யூட்டில் போட்டிருந்தால் கம்ப்யூட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெல்ட் நிற்கும். நான் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனேன். கயிற்றை இழுத்தால் ஸ்கிரிப்ட் பார்த்து நிறுத்தும் என்று பெருமையாகச் சொன்னேன். ஸ்கிரிப்ட் ஓடாதபோது கயிறு வெறும் கயிறு என்பதை யோசிக்கவில்லை.

புரோகிராமைப் பைத்தானில் எழுதினேன். ஸ்க்ரீனில் ஒரு பச்சைப் பட்டன். அமுக்கினால் முதலில் சைரன், பத்து விநாடி. அப்புறம்தான் பெல்ட். அந்தப் பத்து விநாடியை நானே பிடிவாதமாக வைத்தேன். அது ஒன்றுதான் அந்த வேலையில் நான் உருப்படியாகச் செய்தது.

பெல்ட் கிளீனிங் என்றால் பேனல் ரூமில் ஐசொலேட்டரை, அதாவது பெல்ட் மோட்டாரின் மெயின் சுவிட்சை, இறக்கிப் பூட்டுப் போட வேண்டும். எல்லா இடத்திலும் இதுதான் முறை. எங்கள் யார்டில் பேனல் ரூம் சாவி மேனேஜரின் மேஜை டிராயரில். ஒவ்வொரு தடவையும் போய் நின்று கேட்டால், "எத்தன வாட்டிய்யா, புரோகிராம மூடிட்டு வேலயப் பாரு" என்பார். அதற்கு ஆமாம் போட்டவன் நான். புரோகிராமை மூடினால் பெல்ட் ஓடவே ஓடாது என்று என் வாயால் ஆபரேட்டரிடம் சொல்லியிருக்கிறேன். அவன் நம்பினான். ஏன் நம்ப மாட்டான்?

3. லைன் செக்

ஆபரேட்டர் பெயர் கொளஞ்சி. கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். கான்ட்ராக்டில் ஆறு வருஷமாக அந்தக் கேபினில் இருந்தான். பெல்ட்டின் வால் முனையில் சுற்றுகிற உருளையான டெயில் புல்லியில் ஒட்டுகிற கரியைச் சுரண்டி எடுக்கும் வேலை அஞ்சலைக்கு. கொளஞ்சியின் மனைவிக்கு அஞ்சலை சித்தி முறை. கான்ட்ராக்டரிடம் சொல்லி அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே கொளஞ்சிதான்.

ஐப்பசி மழை. ஈரக் கரி சேறு மாதிரி புல்லியில் அப்பிக்கொள்ளும். காலையில் பெல்ட்டை நிறுத்தி, புரோகிராமை மூடிவிட்டு, அஞ்சலையும் இன்னொரு பெண்ணும் சுரண்ட உட்கார்ந்தார்கள். நான் சொன்னதைக் கொளஞ்சி சொன்னபடி செய்தான். அதுதான் வினை. புரோகிராம் திறந்திருந்தால் போர்ட் அதன் பிடியில் இருந்திருக்கும். இன்னொரு ஸ்கிரிப்ட் அதைத் திறக்கவே முடியாது, பிழை காட்டி நின்றிருக்கும். அவன் மூடியதால் போர்ட் சும்மா கிடந்தது.

அன்று எனக்கு ஒரு புகார் இருந்தது. யாரும் கயிற்றை இழுக்காமலே ஸ்க்ரீனில் கயிறு இழுபட்டதாகக் காட்டுகிறது என்று முதல் நாள் சொல்லியிருந்தார்கள். மழையில் நடந்து போக சோம்பல். எடைமேடை ஆபீசிலிருந்தே நெட்வொர்க்கில் கேபின் கம்ப்யூட்டருக்குள் போனேன். சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். போர்ட்டைத் திற, படிக்கிற நாலு லைனையும் விநாடிக்கு ஒரு தடவை என்று ஐந்து தடவை படி, மூடு. எதையும் ஏற்றச் சொல்லவில்லை, இறக்கவும் சொல்லவில்லை. பார்க்க மட்டும்தான்.

ஓட்டுவதற்கு முன் இன்டர்காமில் கேபினைக் கூப்பிட்டேன். அந்த மட்டுக்கு ஒழுங்காக இருந்தேன்.

"கொளஞ்சி, லைன் செக் பண்ணப் போறேன்."

"வாங்கண்ணே" என்றான் கொளஞ்சி.

அவ்வளவுதான் பேசினோம். வாங்க என்கிறானே, எங்கே வருவது என்று ஒரு கணம் தோன்றியது. மரியாதைக்குச் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன். பெல்ட் வேலை செய்கிறவர்களுக்கு லைன் செக் என்றால் ஒன்றுதான். தலையிலிருந்து வால் வரை பெல்ட் ஓரமாக நடந்து, யாராவது இருக்கிறார்களா, ஏதாவது கிடக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது. எனக்கு லைன் என்றால் ஒன்பது முள் பிளக்கில் இருக்கிற லைன். நான் நடந்து வரப்போகிறேன் என்று அவன் நினைத்தான். வந்தால் பெண்கள் உட்கார்ந்திருப்பதை நானே பார்ப்பேன், தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தான். கேபினை விட்டு வெளியே வந்து, தகரக் கூரைக்குக் கீழே நின்று, நான் வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் என்டர் தட்டினேன்.

4. கேட் பாஸ்

ஐந்து விநாடிதான் பெல்ட் ஓடியது. ஐந்து விநாடி போதும்.

அஞ்சலையைக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலது கையில் மூன்று விரல் இல்லை. நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல்.

கேபினில் இருந்தது கொளஞ்சி ஒருவன்தான். ஆகவே பெல்ட்டை ஓட்டியது கொளஞ்சிதான். மேனேஜருக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. மறு நாளே ஒரு காகிதத்தில் டைப் அடித்து, 'என் கை தவறுதலாகப் பட்டு' என்று தொடங்கி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். கொளஞ்சி போடவில்லை. கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. இங்கே கான்ட்ராக்ட் ஆளுக்கு கேட் பாஸ்தான் எல்லாம். ஒரு கேட்டில் ஆக்சிடென்ட் பண்ணியவன் என்று பெயர் போனால் அடுத்த கேட்டிலும் அந்தப் பெயர்தான் முன்னால் போய் நிற்கும்.

நானும் அவனைத்தான் சந்தேகப்பட்டேன். என் ஸ்கிரிப்ட் எதையும் ஏற்றவில்லை என்று எனக்கு அத்தனை நிச்சயம்.

"தெரியாம பட்டிருக்கும்டா, ஒத்துக்கிட்டுப் போ" என்று மேனேஜர் முன்னாலேயே சொன்னேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "பட்டன் எங்கண்ணே இருந்துது? புரோகிராமே மூடிக் கெடந்துச்சே. மூடுனா ஓடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

மேனேஜர், "மூடினத மறுபடி தொறந்திருப்ப. சும்மா நோண்டிக்கிட்டு இருந்திருப்ப" என்றார்.

5. டிக்

மூன்றாம் நாள் காலை கேட்டுக்கு வெளியே கொளஞ்சி நின்றிருந்தான். பாஸ் இல்லாததால் உள்ளே விடவில்லை. என் வண்டியை மறித்தான். கெஞ்சுவான் என்று நினைத்தேன். அவன் கேள்வி கேட்டான்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு. நம்ம பட்டன அமுக்குனா சைரன் பத்து எண்ற வரைக்கும் அடிச்சிட்டுதான பெல்ட் கெளம்பும்?"

"ஆமா."

"அன்னிக்கி ரெண்டும் ஒண்ணா வந்துதுண்ணே. சைரனும் பெல்ட்டும் ஒரே நேரம். நான் வெளியில நின்னுகினு கேட்டேன். சைரன் முன்னாடி வந்திருந்தா அவங்க கைய எடுத்திருப்பாங்க இல்ல?"

வண்டியை ஸ்டாண்டு போடக்கூட மறந்து நின்றேன். அவன் சொன்னது உண்மை. சைரன் கேட்ட அடுத்த விநாடியே எனக்கும் கத்தல் கேட்டிருந்தது. பட்டனிலிருந்து அது வரவே முடியாது. இரண்டு லைனும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும் என்றால் அதற்கு ஒரே ஒரு வழிதான்.

உள்ளே போய், மேனேஜர் வருவதற்குள் டிராயரிலிருந்து சாவியை எடுத்து, ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டினேன். சாவி என் பையில். கேபினுக்குப் போய், பிளக்கில் டி.டி.ஆர். வருகிற நான்காவது முள்ளுக்கும் கிரவுண்டான ஐந்தாவது முள்ளுக்கும் மீட்டரை வைத்தேன். மைனஸ் பதினொன்று. டி.டி.ஆர். இறங்கி இருக்கிறது. அதே சின்ன ஸ்கிரிப்டை ஓட்டினேன். பிளஸ் பதினொன்று. ரிலே டிக் என்றது. சைரன் அலறியது. ஐந்து விநாடி. ஸ்கிரிப்ட் போர்ட்டை மூடியது. மறுபடி டிக். மைனஸ் பதினொன்று.

போர்ட்டைத் திறந்தாலே டி.டி.ஆரும் ஆர்.டி.எஸ்.ஸும் தானாக ஏறும். யாரும் ஏற்றச் சொல்ல வேண்டாம். அந்தக் காலத்தில் எதிர்முனையில் மோடம் இருக்கும், நான் தயார் என்று அதற்குச் சொல்வதற்காக அப்படி வைத்தார்கள். கையேட்டில் எழுதியிருக்கிறது. நான் படித்திருக்கிறேன். பெரிய புரோகிராமில் திறந்த அடுத்த வரியிலேயே, எதற்கென்று யோசிக்காமல் ஒரு பழக்கத்தில், இரண்டையும் இறக்கியும் இருக்கிறேன். அதனால்தான் தினமும் காலையில் புரோகிராமைத் தொடங்கும்போது ரிலே ஒரு தடவை டிக் என்னும். காண்டாக்டர் பிடிப்பதற்குள் இறங்கிவிடும், பெல்ட் அசையாது. பல மாதங்களாக அந்த டிக்கைக் கேட்டிருக்கிறேன். ஏன் என்று ஒரு நாள்கூட நின்று பார்க்கவில்லை. சின்ன ஸ்கிரிப்டில் அந்த இறக்குகிற வரியைப் போடவில்லை. பார்க்கத்தானே போகிறோம், எதற்கு என்று விட்டேன்.

மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும்.

"நீ பர்மனென்ட். அவன் கான்ட்ராக்ட். அவனுக்கு இந்த வேலை இல்லன்னா மண்ணு வேலை. உனக்கு இந்த வயசுல யார் குடுப்பா? போய் உன் பொண்ணு படிப்பப் பாரு."

என் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. காரணம் வேண்டும் என்றால் அது ஒரு காரணம். நான் அறையை விட்டு வெளியே வந்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கக் கேட் வழியாக வரும்போது வண்டியை வேகமாக ஓட்டினேன்.

6. ஒன்பதாம் நாள்

ஒன்பதாம் நாள் அரசாங்கத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். அமைதியான மனிதர். கண்ட்ரோல் சிஸ்டம் சரியாக இருக்கிறது என்று நான் சர்டிஃபிகேட் எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது மேனேஜரின் ஏற்பாடு. கொளஞ்சியையும் வரவழைத்திருந்தார்கள். அவன் கேபின் மூலையில் நின்றான். ஒன்பது நாளில் ஆள் பாதியாகியிருந்தான். சவரம் செய்யவில்லை. என்னைப் பார்த்து வணக்கம் சொன்னான்.

அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டு பொய் எழுத எனக்குத் தைரியம் இல்லை. நல்லவன் ஆகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வந்து, ஆய்வாளரைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். ஸ்கிரிப்டை ஓட்டினேன். டிக் என்றது, சைரன் அலறியது. கொளஞ்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

ஆய்வாளர் ஸ்க்ரீனையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க எதையும் ஸ்டார்ட் பண்ணலையே?"

"பண்ணலைங்க. போர்ட்டைத் தொறந்தேன். தொறந்தாலே ஏறும். அன்னிக்குத் தொறந்தது நான். எடைமேடையில இருந்து."

மேனேஜர் இடையில் ஏதோ பேச வந்தார். ஆய்வாளர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். பிறகு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எப்படி நடந்தது என்று கேட்டார், யார் கட்டினார்கள் என்று கேட்டார், சாவி ஏன் டிராயரில் என்று கேட்டார். இது உங்களுக்கு எப்போது தெரிய வந்தது என்று மட்டும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கொளஞ்சியின் பெயர் நீங்கியது. அஞ்சலைக்குச் சேர வேண்டியது இழுத்தடித்துத்தான் சேர்ந்தது. அந்த மாதமே என்னை வெளியே அனுப்பினார்கள், அதில் எனக்குப் புகார் இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் கவனியுங்கள். போர்ட்டைப் பெயர் சொல்லி நேரடியாகத் திறக்காதீர்கள். முதலில் காலியாக ஒரு போர்ட்டை உண்டாக்கி, டி.டி.ஆர்., ஆர்.டி.எஸ். இரண்டையும் இறக்கி வைத்து, அப்புறம் பெயர் கொடுத்துத் திறங்கள். பைத்தானின் சீரியல் லைப்ரரியில், பழைய பதிப்புகளில் அப்படி முன்கூட்டி இறக்கி வைக்கவும் வழி கிடையாது. புதிய பதிப்பில் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. யார்டை விட்டுப் போவதற்கு முன் இன்னொன்றையும் சோதித்திருந்தேன். ஸ்கிரிப்ட் எதுவுமே இல்லாமல் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தேன். விண்டோஸ் எழும்பும்போது ரிலே டிக் டிக் என்றது. போர்ட்டில் பழைய மவுஸ் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று அது தடவிப் பார்க்கிறது. கரண்ட் போய் வந்தாலே பெல்ட்டுக்கு உத்தரவு போயிருக்கும். ஆகவே இதை ஸ்கிரிப்டில் திருத்த முடியாது. விளக்கு எரிய, மணி அடிக்க, ஒரு மெஷின் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இந்த லைன்கள் போதும். ஆளை இழுக்கிற எதையும் இதில் கட்டாதீர்கள். கட்டச் சொல்கிறவன் எவனாக இருந்தாலும் முடியாது என்று எழுதிக் கொடுங்கள்.

7. ஆறு நாள்

இரண்டு வருஷம் கழித்து சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டில் கொளஞ்சியைப் பார்த்தேன். பாஸைத் திரும்பக் கொடுத்தும் அவன் வாங்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்போது ஒரு நெல் மண்டியில் மூட்டை ஏற்றுகிற வேலையில் இருந்தான். அவனே வந்து பேசினான். அஞ்சலை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டாள், ஆனால் நாலு பேர் எதிரில் சாப்பிட உட்கார மாட்டாள் என்றான். மகளுக்கு என்ன படிப்பு என்று விசாரித்தான். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே, பஸ் வருகிறதா என்று பார்த்தபடி பேசினான்.

"அந்த ஒம்போது நாளும் எம் பொண்டாட்டி ஒரு வார்த்த திட்டல. சோறு போடறப்ப எங்கையையே பாத்துகினு இருப்பா. இந்தக் கைதான் அமுக்குச்சான்னு. ஆஸ்பத்திரிக்கி நான் வரக்கூடாதுன்னு அவங்க வூட்ல சொல்லிட்டாங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். அதை ஒதுக்கிவிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

"ஒங்க தப்புன்னு அன்னிக்கே ஆபீசர்கிட்ட சொல்லிட்டீங்களேண்ணே. நான் கேக்கணும்னு இருந்தது வேற. ஒங்களுக்கு அது எந்த நாளு தெரிஞ்சுது?"

ஒன்பதாம் நாள் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்குத் தெரிய வழியே இல்லை. எந்தக் காகிதத்திலும் அது இல்லை.

"மூணாம் நாளு" என்றேன். "நீ கேட்ல வந்து கேட்டியே, அன்னிக்கே."

கொளஞ்சி டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். கோபப்படவில்லை.

"அப்ப மீதி ஆறு நாளு ஒங்களுது" என்றான்.

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான். அதற்கப்புறம் அவனை நான் பார்க்கவில்லை.

இந்த வேலையில் தப்பு செய்யாமல் யாரும் ரிட்டயர் ஆவதில்லை. நீங்களும் செய்வீர்கள். தப்பு உங்களுடையது என்று தெரிந்ததும், பழி யார் மேல் விழுந்திருக்கிறதோ அவன் வாசலுக்கு முதலில் போங்கள். மேனேஜர் அறைக்கு அப்புறம் போகலாம். நான் மேனேஜர் அறைக்குப் போனேன்.